தொப்பூர் கணவாயும் ஒரு மெட்டல் ஆல்பமும்

முதல்லயே சொல்லிடறேன். ஹெவி மெட்டல்னாலே "எதுக்குய்யா இப்படிக் கத்துறானுங்க?"ன்னு கேக்கற ஆளா நீங்க? இந்த வரியோட எஸ்கேப் ஆயிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

ஞாயித்துக்கிழமை ராத்திரி சேலத்துல பெங்களூர் பஸ் ஏறி, திங்கக்கிழமை ஆபீஸ்ல பொட்டி தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். போன வாரம் கூட வந்தவன் என் காலேஜ் சிநேகிதன், திருச்செங்கோட்டுக்காரன். வீட்டுல போர்வெல் ரிக் வண்டி ஓட்டுறாங்க. அந்தச் சத்தத்துலயே வளந்தவனுக்கு டபுள் பேஸ் டிரம் எல்லாம் தாலாட்டு. ஆளுக்கு ஒரு இயர்பட். கேட்டது பெங்களூர் க்ரிப்டோஸ் பேண்டோட ஏழாவது ஆல்பம் 'டெசிமேட்டர்', 2024 ஜூலையில வந்தது. தொப்பூர் கணவாய் தாண்டறதுக்குள்ள பயபுள்ள கழட்டிட்டான்.

"மாப்ளே, எண்பதுகள்ல வந்த ஜூடாஸ் ப்ரீஸ்ட் மாதிரியே இருக்குடா. 1998ல ஆரம்பிச்ச பேண்டு. இன்னும் மாறவே மாட்டானுங்களா?"

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. மாறலைன்னு யார் சொன்னது? 2008ல வந்த 'த ஆர்க் ஆஃப் ஜெமினை', 2012ல வந்த 'த காயில்ஸ் ஆஃப் அப்போலியான்' ரெண்டையும் எடுத்துக் கேளுங்க. ஒரே பாட்டுக்குள்ள நாலு பாட்டுக்கான ரிஃப்பை அடைச்சு வெச்சிருப்பாங்க, திடீர் திடீர்னு தாளம் மாறும். 2016ல 'பர்ன் அப் த நைட்' வந்தப்போ அதையெல்லாம் கழிச்சுட்டாங்க. ரெண்டு கித்தார் ஜோடியா பாடணும், கோரஸ் மனசுல நிக்கணும், அவ்ளோதான். 'டெசிமேட்டர்'ல 'டர்ன் அப் த ஹீட்' அதே ரகம். மாறியிருக்காங்க. என்ன, பின்னாடி பாத்து மாறியிருக்காங்க.

பெரிய தலைங்க இதுக்கு நேர் எதிர். அயர்ன் மேய்டன் 2021ல போட்ட 'சென்ஜுட்சு' ரெண்டு டிஸ்க், 82 நிமிஷம். மெட்டாலிகாவோட '72 சீசன்ஸ்' (2023) 77 நிமிஷம். ரெண்டு பேருக்கும் நான் அடிமைதான், ஆனா முழுசா ஒரே மூச்சுல கேட்டது ஒரு தடவைதான். ஆயிரம் வரி கோடு எழுதுறது ஈசிங்க. ஓடிக்கிட்டிருக்கற புரோகிராம்ல ஐநூறு வரியைத் தூக்கிட்டு, அப்பவும் ஓட வெக்கிறதுக்குத்தான் கைப்பழக்கம் வேணும்.

குறையே இல்லையான்னா, இருக்கு. நோலன் லூயிஸோட கரகரப்புக் குரல் ஆல்பம் முழுக்க ஒரே கியர்ல போகுது. நாமக்கல் லாரிகூட மேட்டுல கியர் மாத்தும். அஞ்சாவது பாட்டுக்கு மேல காது களைச்சுப் போறது நிஜம்.

ஆனா இவன் சொன்னது எனக்குக் குத்துனது வேற காரணத்துக்கு. மூணாவது வருஷத்துல நாங்களும் பேண்ட் வெச்சிருந்தோம். ஆயுசு பதினாலு மாசம். இவன்தான் டிரம்ஸ். பிளேஸ்மெண்ட் லெட்டர் வந்த வாரம் டிரம்ஸ் செட்டை ஜூனியருக்கு வித்தான். நான் மட்டும் யோக்கியமா? என் கித்தார் ராசிபுரத்துல பீரோ மேல படுத்திருக்கு, அம்மா துணி போத்தி வெச்சிருக்காங்க. அந்த க்ரிப்டோஸ் கேட்க ஆள் குறைச்சலா இருக்கற நாட்டுல இருந்துக்கிட்டு 2010ல ஐரோப்பா டூர் போனாங்க, 2013ல ஜெர்மனியில வாக்கன் மேடை ஏறினாங்க, அதுக்கப்புறமும் இன்னும் நாலு ஆல்பம். ஏழாவது ஆல்பத்துல வந்து "மாறவே இல்ல"ன்னு சொல்ற யோக்கியதை எங்க ரெண்டு பேருக்கும் இருக்கான்னு அவங்கிட்டயே கேட்டுட்டேன். கொஞ்சம் சத்தமாவே.

பதில் இல்ல. கிருஷ்ணகிரி டோல்கேட்டுல பஸ் நின்னப்போ இயர்பட்டை மறுபடி எடுத்து மாட்டிக்கிட்டான். கொஞ்ச நேரத்துல விரல் முன் சீட்டு கம்பியில தட்ட ஆரம்பிச்சுது. "டிரம்ஸ் மட்டும் பரவால்லடா"ன்னான்.

முன் சீட்டு அண்ணன் திரும்பிப் பாத்து, "தம்பி, தூங்க விடுங்க சாமி"ன்னாரு.