தோட்டப் பாடமும் வீட்டுக் கணக்கும்

1995-இல் புதுவையிலும் 1996-இல் சென்னையிலும் தோன்றிய சமுதாயக் கல்லூரிகள், மேற்படிப்புக்கு வழியற்றோருக்குத் தொழில் கற்பிக்கும் நோக்குடையவை. இத்தகைய கல்லூரிகளில் தோட்டக்கலையையும் இல்லற நிர்வாகத்தையும் பாடமாக வைப்பதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அப்பாடம் யாருடைய வீட்டை எண்ணி வகுக்கப்படுகிறது?

மாதச் சம்பளக்காரரின் வரவு செலவுத் திட்டம் நம் அங்கத்தினர்க்குப் பொருந்தாது. நெசவாளருக்குச் சேலை அறுத்த பின்னரே கூலி. மழை நாளில் பாவு காயாவிடில் அதுவும் தள்ளிப்போகும். விவசாயிக்கோ அறுவடை வரை காத்திருப்பு. இடைப்பட்ட நாட்களில் கடனின்றி அடுப்பெரியச் செய்வதே இங்கு இல்லற நிர்வாகம். தோட்டமும் அதற்குத் துணையே. முளைக்கீரையை விதைத்த நான்கு வாரத்தில் பறிக்கலாம். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போதும். சாயம் அலசிய நீரைப் பாத்திக்கு விடலாகாது என்பதை மட்டும் நெசவாளர் தெருவில் முதற்பாடமாகவே சொல்லித்தர வேண்டும்.

பகல் வகுப்புக்குத் தார் சுற்றும் பெண் வர இயலாது; வந்தால் தறி நிற்கும். எனவே மாலை வகுப்பைச் சங்கக் கட்டடத்திலேயே நடத்துமாறு கல்லூரியாரைக் கேட்கலாம். ஆண்களும் வந்து அமரட்டும். கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவோர் பெரும்பாலும் அவர்கள்தாமே! கட்டணத்தைச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து அளிக்கும் தீர்மானத்தை அடுத்த மகாசபையில் கொண்டுவர எண்ணியுள்ளோம்.