பாட்டிலுக்குள்ள மசாலா டீ!

காபி ஷாப் மெனு கார்டுல 'சாய் டீ லாத்தே'னு பார்த்திருப்பீங்க. இந்தியில சாய்னா டீ. இத்தாலியன்ல லாத்தேன்னா பால். ஆக மொத்தம், 'டீ டீ பால்'! அதுக்குப் போடுற பில்லைப் பார்த்தா நம்ம தெருமுனை டீக்கடை அண்ணன் மயங்கியே விழுந்துடுவார். பல கடைகள்ல கவுன்டருக்குப் பின்னாடி நடக்குறது ரொம்ப சிம்பிள் பாஸ்... ஒரு சிரப், சூடான பால். அந்த சிரப்பை நாமளே செஞ்சு வெச்சுட்டா, செமஸ்டர் நேரத்துல ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவை எழுப்ப வேண்டாம்.

ரெண்டு டம்ளர் தண்ணியில தட்டின இஞ்சி, 8 ஏலக்காய், 6 கிராம்பு, 10 மிளகு, ஒரு துண்டு பட்டை போட்டு, 10 நிமிஷம் சிம்ல கொதிக்கட்டும். இஞ்சி விஷயத்துல அவசரம் கூடாது. பச்சை இஞ்சியில இருக்குற ஒரு என்சைம் பாலைத் திரிச்சுடும். நல்லா கொதிச்சா அது காலி! டீத்தூளுக்கு ரூல் நேர் எதிர். அடுப்பை அணைச்சுட்டு 6 டேபிள்ஸ்பூன் போட்டு மூடி, 5 நிமிஷத்துல வடிகட்டிடணும். ரொம்ப கொதிக்கவிட்டா துவர்ப்பு இறங்கிடும். வடிச்ச டிகாக்‌ஷன் எவ்ளோவோ, அதே அளவு சர்க்கரை. சூட்டோட கலக்கினா கரைஞ்சுடும்.

ஒரு டம்ளர் சூடான பாலுக்கு 2 டேபிள்ஸ்பூன் சிரப் போதும். அதுலயே கிட்டத்தட்ட 4 டீஸ்பூன் சர்க்கரை இருக்கு. ஸோ, விடிய விடிய ரீஃபில் பண்ணாதீங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம் தாங்கும். பாட்டில் மேல மறக்காம பேர் எழுதி ஒட்டுங்க... பிரவுன் கலர், இஞ்சி வாசனை. இருமல் மருந்துனு நினைச்சு அப்பா குடிச்சுடப் போறார்!