பிளானை மாற்ற வேண்டாம், கேபிளை இழுங்கள்



கோடை விடுமுறை நெருங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டரின் கேமைக் கூடத்து டிவியில் ஆட முடியுமா? முடியும் என்று எழுதினால், சில நாளில் அடுத்த கடிதம் வரும்: "ஆடினோம். படம் விட்டு விட்டு வருகிறது. நெட் பிளானை 300 எம்பிபிஎஸ் ஆக்கிவிடலாமா?"

தயவுசெய்து வேண்டாம். கேம் உங்கள் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. அதன் படம் ரவுட்டர் வழியாக டிவிக்குப் போகிறது, நீங்கள் அழுத்தும் பட்டன் அதே வழியில் திரும்பி வருகிறது. இந்தப் போக்குவரத்து உங்கள் வாசலைத் தாண்டுவதே இல்லை. 40 எம்பிபிஎஸ் பிளான் இருக்கும் வீட்டிலும் அருமையாக ஆடலாம். 300 எம்பிபிஎஸ் வீட்டிலும் திணறலாம்.

சினிமா பார்க்கும்போது டிவி சில விநாடிப் படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். நடுவில் நெட் தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. கேமில் அதற்கு வழியில்லை. அடுத்த படம் என்ன என்பது உங்கள் விரல் அழுத்திய பிறகுதான் முடிவாகிறது. விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. ஃபுல் எச்டி படத்துக்கு 15 முதல் 30 எம்பிபிஎஸ் போதும், சாதாரண ரவுட்டரே அதைத் தாங்கும். வேகம் இருக்கிறது, சீர்தான் இல்லை.

நம் வீடுகளில் அந்தச் சீர் கெடுவது பெரும்பாலும் வைஃபையில்தான். ஃபைபர் எந்த மூலையில் வீட்டுக்குள் நுழைந்ததோ அங்கேயே ரவுட்டரையும் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் எத்தனை வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன என்று போனில் பார்த்தாலே தெரியும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைச்சல் போடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் எவ்வளவோ நல்லது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டினால் சோர்ந்துவிடும். கம்ப்யூட்டர், டிவி இரண்டுமே வைஃபையில் இருந்தால் இன்னொரு தொல்லை: ஒவ்வொரு படமும் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒருமுறை என இரண்டு தடவை காற்றில் போக வேண்டும்.

எனவே ஒரே ஒரு வேலை செய்ய முடியும் என்றால், கம்ப்யூட்டரையாவது லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். கேட் 5இ கேபிள் போதும், 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே அதையும் நுழைக்கச் சம்மதிக்காதீர்கள், தனிப் பைப் போடச் சொல்லுங்கள். முனையில் கனெக்டர் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே எட்டு ஒயர் இருக்கும். அவசரத்தில் நான்கை மட்டும் இணைத்தாலும் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கேபிள் போட்டவரை அனுப்புங்கள். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100தான், அது குறையில்லை. படத்துக்கு அதுவே தாராளம்.

கம்ப்யூட்டர் பழையதாயிற்றே என்று தயங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி. படத்தைச் சுருக்கி அனுப்பும் தனிப் பகுதி 2011இல் வந்த பல இன்டெல் பிராசஸர்களிலேயே உண்டு, என்விடியாவில் 2012இல் வந்த ஜிடிஎக்ஸ் 600 வரிசையிலிருந்து உண்டு. கேம் அந்தக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடினால் அனுப்பவும் முடியும். ஒன்றை மட்டும் செய்யுங்கள்: கேமின் செட்டிங்ஸில் 60 படத்துக்கு மேல் போகாமல் கட்டிவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு நூறு சதவீதமும் கேமிலேயே மூழ்கிக் கிடந்தால் அனுப்பும் வேலை காத்துக் கிடக்கும். டிவியில் கேம் மோடைப் போட மறக்காதீர்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். வால்வ் நிறுவனம் 2014இல் ஸ்டீமில் இந்த வசதியைத் திறந்தது. அடுத்த ஆண்டு ஸ்டீம் லிங்க் என்று ஒரு சின்னப் பெட்டியும் விற்றது. 2018இல் பெட்டி நின்றது, இன்று அது இலவச ஆப். என்விடியா இதே வேலையைச் செய்த தன் கேம்ஸ்ட்ரீமை 2023இல் கைவிட்டபோதும் யாரும் நடுத்தெருவில் நிற்கவில்லை. டிவி பக்கத்துக்கு, அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் ஒரு ஹேக்கத்தானில் தொடங்கிய மூன்லைட் ஏற்கெனவே இருந்தது. கம்ப்யூட்டர் பக்கத்துக்கு சன்ஷைன் இருந்தது. இரண்டும் எவரும் திறந்து படிக்கக்கூடிய நிரல்கள். இவற்றை உழைத்துத் தருகிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மூன்லைட்டில் புள்ளிவிவரத் திரையை இயக்கினால் மூன்று நேரங்கள் தெரியும்: கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது, நெட்வொர்க் எடுத்துக்கொண்டது, டிவி படத்தை விரிக்க எடுத்துக்கொண்டது. எந்த எண் துள்ளுகிறதோ அங்கேதான் கோளாறு. இனி எங்களுக்குக் கேள்வி எழுதும்போது அந்த மூன்று எண்களையும், ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவே எத்தனை சுவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்