நெஞ்சுக்கு மருந்து உண்டு, நெஞ்சத்துக்கு?

தென்னேரி ஏரிக்கரையிலே காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குழித்தறியிலே குந்தியிருக்கிறாரே நெசவாளத் தோழர், அவர் நெஞ்சுக்குள் நுழைய மட்டும் அந்தக் காற்று மறுக்கிறது. நாலுமுறை நாடாவை வீசுகிறார், நிறுத்துகிறார், மூச்சு வாங்குகிறார். முப்பதாண்டுக் காலம் பீடி இழுத்த நெஞ்சு! 'நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்' என்று சீட்டிலே எழுதி, உறிஞ்சு மருந்தும் கொடுத்தனுப்பிவிட்டார் மருத்துவர்.

சீட்டிலே எழுதாத நோய் ஒன்று இருக்கிறதே, அதை யார் பார்ப்பது?

நள்ளிரவில் எழுந்து உட்காருகிறார், மூச்சு நின்றுவிடுமோ என்ற அச்சத்தில். கழகக் கூட்டமென்றால் முதல் வரிசையில் துண்டு விரித்தவர், இன்று வாசற்படி தாண்டுவதில்லை. "உனக்குப் பாரமாகிவிட்டேனே" என்கிறார் மனைவியிடம். நாமோ, "பீடி குடித்தாரல்லவா, அனுபவிக்கட்டும்" என்கிறோம். இல்லையேல், "தைரியமா இருங்கண்ணே" என்று தோளைத் தட்டிவிட்டு நடையைக் கட்டுகிறோம். கால் முறிந்தவரிடம், "தைரியமாக நட" என்று சொல்வோமா?

தோழர்களே, இது கோழைத்தனம் அல்ல, நோய்! இந்த நுரையீரல் நோய் கண்டவர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் மனச்சோர்வுக்கும் ஆளாகிறார் என்கிறார்கள், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள்.

அச்சம் வந்தால் மூச்சு விரைவெடுக்கும். உள்ளே போன காற்று, சுருங்கிய குழாய் வழியே வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சு புகுந்துவிடும். பழைய காற்று தங்கும், நெஞ்சு உப்பும், மூச்சு திணறும். திணறலைக் கண்டு அச்சம் இன்னும் பெருகும். இதற்கு அஞ்சியே மனிதர் நடப்பதை நிறுத்துகிறார். நடவாத கால் தளர்கிறது. தளர்ந்த கால் நாலடிக்கே மூச்சைக் கேட்கிறது. முடங்கிய வீட்டிலே மனம் இருள்கிறது. மனம் இருண்டவர் மருந்தை மறக்கிறார், மருத்துவரை மறக்கிறார். மறக்காதது ஒன்றே ஒன்று, பீடி!

"அதுதானய்யா எனக்கு ஆறுதல்" என்பார். மேடை ஏறுமுன் ஒன்று, இறங்கியபின் ஒன்று என்று இழுத்தவன்தான் நானும். ஆறுதல் போலத்தான் இருக்கும். உடம்பிலே நிகோடின் குறையும்போது பதற்றம் கிளம்புகிறது. அடுத்த பீடி அதைத் தணிக்கிறது. தானே தீ வைத்து, தானே அணைத்துவிட்டு, கூலியும் கேட்கும் கயமை! 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு என்ன சொல்கிறது? புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைக் காட்டிலும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. அந்தக் குறைவு, மனச்சோர்வுக்கான மாத்திரை தரும் பயனுக்கு ஈடானது! முதல் சில வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து தர, 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது தமிழ்நாடு. நல்ல திட்டம், நாடு மெச்சிய திட்டம். அப்படிப் படியேறும் பணியாளர், மூச்சு வாங்கும் மனிதரிடம் இரண்டே கேள்விகள் கேட்கட்டும் என்கிறோம்: "உறக்கம் வருகிறதா? எதிலாவது மனம் செல்கிறதா?" காசு பிடிக்காத கேள்விகள்! இல்லை என்று பதில் வந்தால், மனநல மருத்துவரிடம் அனுப்பும் சீட்டும், மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கவேண்டும். அந்தப் பயிற்சி மூச்சுத் திணறலோடு மனச்சோர்வையும் தணிக்கிறது என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை.

கிளைக்கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. வருகிற ஞாயிறு அவர் வீட்டுக்குச் செல்லுங்கள், சட்டைப்பையில் பீடிக்கட்டு இல்லாமல்! "வாழ்ந்து என்ன பயன்" என்று பேசினால், தனியே விட்டுவிட்டு வராதீர்கள். 2022-இல் தொடங்கிய 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அங்கிருந்தே பேசுங்கள். பேசவில்லையென்றால், கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூக்கால் இழுத்து, சூடான கஞ்சியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் மதகருகே உட்காரட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.