காதை மட்டும் நம்பணுமாம்!

"அளவுக்கருவிக்கு இசை தெரியாது, காதை நம்பு" என்கிறார்கள் ஹெட்போன் அம்ப் பிரியர்கள் சிலர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஓப்பநாயக்க தோட்டப்பக்கத்துப் பிள்ளைகளான எங்களுக்கு இதைக் கேட்டாலே சந்தேகம் வரும். கொழுந்தைத் தராசில் போடாமல், கையால தூக்கிப் பார்த்து "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று கணக்கப்பிள்ளை சொன்னால் எங்க அம்மாமார் சும்மா விடுவாங்களா?

அம்பின் வேலை, வந்த சிக்னலைப் பெரிசாக்குவது. தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. சேர்க்குதா என்று அளந்து பார்க்கலாம். 2011இல் என்டபிள்யூஏவிகய் என்ற புனைபெயர்க்காரர் ஓ2 அம்பின் சர்க்கிட்டையும் அளவுகளையும் சேர்த்தே வெளியிட்டார். உள்ளே இருந்தது சாதாரண ஒப்-அம்ப் சிப்புகள். அளவிலோ பல மடங்கு விலையுள்ள பெட்டிகளுக்கு ஈடு. யாரும் செய்து பார்த்துப் பிழை பிடிக்கலாம். 2012க்குப் பிறகு மனுசனைக் காணோம், சர்க்கிட் இருக்கு.

"சிப்பில் உயிர் இல்லை, தனித்தனி டிரான்சிஸ்டரில்தான் இசை" என்பது எதிர்க்கட்சித் தத்துவம். 2019இல் ஷிட் (ஆமா, பேரே அதுதான்) என்ற அமெரிக்க நிறுவனம் இரண்டையும் தலா 99 டொலருக்கு விட்டது: டிரான்சிஸ்டருக்கு மக்னி 3+, ஒப்-அம்புக்கு மக்னி ஹெரஸி. ஹெரஸி என்றால் மதத்துரோகம்! அளவில் முந்தியது துரோகிதான்.

ஒரு கட்டத்துக்கு மேல் அந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் எட்டாது, அதுவும் உண்மை. அப்போ தத்துவத்துக்கு ஏன் கூடுதல் காசு? டொலர் 300 ரூபா, நாட்சம்பளம் 1,350 என்று வைத்தால் 99 டொலர் என்பது 22 பேர். வித்தியாசம் கேட்குதுன்னு சொல்றவங்க, இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லட்டும்.