31.05.2024 பிற்பகல்



என் அக்காவின் கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவர். (அவருடைய வார்த்தைதான், என்னுடையது அல்ல.) 2024 மே 31, வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார். பணி நிறைவு விழா அழைப்பிதழை அச்சடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் ஒருவன் பத்திரிகையில் இருந்தால் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அச்சுவேலை அவனுடையதுதானே!

பெயருக்குக் கீழே பதவி வரவேண்டிய வரியைக் காலியாக விடச் சொன்னார் அத்தான். "ரெண்டு நாள் பொறுங்க மாப்ளே, ஆர்டர் வந்துரும்னு சொல்றாங்க." ரெண்டு நாள் ஒரு வாரமானது. அச்சகத்துக்காரர் போன் மேல் போன் போட்டார். 27ஆம் தேதி காலை அத்தானே கூப்பிட்டு, "பழசையே போட்டுருங்க" என்றார். உதவியாளர் என்று அச்சாகி வந்தது.

கதை பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு பெறத் தகுதியானவர்களின் பட்டியல், அதாவது பேனல், அப்போது தயாரானது. பணி மூப்பில் அத்தான் மூன்றாவது. காலியிடம் ஐந்து. அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி மெமோ கிடையாது, துறைத் தேர்வெல்லாம் எப்போதோ முடித்தாயிற்று. மார்ச் 15, வெள்ளிக்கிழமை மாலை கோப்பு கையெழுத்துக்குப் போனது. மறுநாள் சனிக்கிழமை பிற்பகல் தேர்தல் ஆணையம் மக்களவைத் தேர்தல் தேதிகளை அறிவித்தது. அந்த நிமிடம் முதல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. திங்கட்கிழமை கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒற்றை வரி: விதிகள் விலக்கிக்கொள்ளப்பட்ட பின் சமர்ப்பிக்கவும்.

தமிழ்நாட்டில் ஏப்ரல் 19ஆம் தேதியே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். ஆனால் நாடு முழுக்க ஏழு கட்டம். எண்ணிக்கை ஜூன் 4இல். விதிகள் விலகியது ஜூன் 6இல். மொத்தம் 83 நாள். இடையில் மார்ச், ஏப்ரல், மே என மூன்று மாதக் கடைசிகள் வந்து போயின. அரசு ஊழியர் ஓய்வு பெறுவது மாதத்தின் கடைசி நாளில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அதிலும் மே 31 தனி. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக, அந்தக் காலத்து வாத்தியார்கள் மே மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் பிறந்த நாளாக எழுதிப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறும் நாள் அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சை மை வரி சரிதானா?

தேர்தல் நடத்தை விதிகள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. 1960இல் கேரள சட்டமன்றத் தேர்தலின்போது கட்சிகள் ஒப்புக்கொண்ட ஒழுங்குமுறையாகத் தொடங்கி, பிறகு நாட்டுக்கே பொதுவாக வளர்ந்தது. ஆட்சியில் இருப்பவர்கள் அரசு இயந்திரத்தை ஓட்டு வாங்கப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் அதன் உயிர். அதனால்தான் வாக்காளரைக் கவரும் விதமான தற்காலிக நியமனங்கள் கூடாது என்கிறது. தேர்தல் பணியோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புள்ள அலுவலர்களை இடமாற்றம் செய்வதற்கு முழுத் தடை. தவிர்க்க முடியாவிட்டால் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மாறுதல் உத்தரவு முன்பே வந்து, புதிய இடத்தில் பொறுப்பேற்காமல் இருந்தால், இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். இதெல்லாம் சரி. ஆனால் அதே ஆணையம், அரசுப் பணியாளர் தேர்வாணையம் போன்ற சட்டபூர்வ அமைப்புகள் வழியாக நடக்கும் வழக்கமான நியமனங்களும் பதவி உயர்வுகளும் தொடரலாம் என்றும் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு வழியும் வைத்திருக்கிறது. மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில் பரிசீலனைக் குழு இருக்கும். அது பார்த்து, தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாக டெல்லிக்கு எழுதி அனுமதி பெறலாம்.

அத்தான் விஷயத்தில் அப்படி யாரும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எதுக்கு வம்புன்னுதான்" என்றார். இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர் என்று சொல்லி, அவருக்குத் தேர்தல் டியூட்டியே போடவில்லை. வாக்குச்சாவடிப் பக்கம் அவர் போனது தன் ஓட்டைப் போட மட்டும்தான். தேர்தலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பதவி உயர்வு மட்டும் தேர்தலுக்காக நின்றுபோனது.

எச்சரிக்கையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2021ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 25ஆம் தேதி, அரசு ஊழியர் ஓய்வு வயதை 59இலிருந்து 60ஆக உயர்த்துவதாக அன்றைய முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மறுநாள் 26ஆம் தேதி தேர்தல் தேதி வெளியானது. அந்த அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்புதான் வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதாவும் நிறைவேறியது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கடைசி வாரத்தில் பேனா வேகமாகத்தான் ஓடும். அந்தப் பேனாவைப் பிடித்து நிறுத்தத்தான் விதிகள். பணி மூப்புப் பட்டியலில் மூன்றாவதாக நிற்கும் உதவியாளரின் முறை யாருடைய பேனாவிலிருந்தும் சொட்டியதல்ல. அதை எந்த மந்திரியும் தன் சலுகையாக மேடையில் சொல்லிக்கொள்ள முடியாது.

பதவி உயர்வு என்றாலே பெட்டி கட்டி ஊர் மாறுவது என்பதுதான் நம் நிர்வாகத்தின் வழக்கம். சிக்கல் அங்கேதான். உயர்வு கொடுத்தால் இடமாற்றமும் கூடவே வரும், இடமாற்றத்துக்குத் தடை, ஆகவே உயர்வும் வேண்டாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டையும் பிரித்து, இருக்கும் அலுவலகத்திலேயே உயர்த்தி வைக்க முடியாதா என்று யோசிப்பவர் குறைவு.

சரி, தாமதமானால் என்ன, 83 நாள்தானே என்று நீங்கள் கேட்கலாம். பணியில் இருப்பவருக்கு அது வெறும் தாமதம். பின்னால் வரும் சம்பள உயர்வு கொஞ்சம் தள்ளிப்போகும்; அடுத்த பேனலுக்குத் தேவையான வருடக் கணக்கு சிக்கலாகும். ஓய்வு பெறுகிறவருக்கு அப்படி அல்ல. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் ஓய்வூதியக் கணக்கு. உயிரோடு இருக்கும்வரை, பிறகு குடும்ப ஓய்வூதியத்திலும், அந்த ஒரு படி குறைவு தொடர்ந்து வரும்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றேன் அத்தானிடம். அவர் என்னைவிட விவரமானவர். பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது அடிப்படை உரிமை என்று 1999இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உரிமை பரிசீலனைக்கு மட்டும்தான். உயர்வு கிடைத்தே தீரும் என்பதற்கு அல்ல. காலியிடம் விழுந்த தேதியும் கணக்கில்லை, ஆணை பிறந்த தேதிதான் கணக்கு. அதே 2024 நவம்பரில் மேற்கு வங்க விஞ்ஞான அதிகாரி ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பைப் பாருங்கள். 2016 டிசம்பர் 29இல் தேர்வாணையம் அவரை உயர் பதவிக்குப் பரிந்துரைத்தது. 31இல் ஓய்வு பெற்றார். இறுதி ஒப்புதல் ஜனவரி 4இல் வந்தது. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் அவருக்குப் பணப்பலன் தரச் சொல்லின. உச்ச நீதிமன்றமோ, உயர் பதவியில் பொறுப்பேற்காதவருக்கு ஓய்வுக்குப் பிறகு முன்தேதியிட்டு உயர்வு கிடையாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் தேர்தல் எதுவும் குறுக்கே வரவில்லை. இருந்தும் நான்கு நாளில் எல்லாம் முடிந்துபோனது.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஜூன் 6இல் விதிகள் விலகின. ஜூன் 10இல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் அறிவிப்பு வந்தது. மாவட்டம் முழுக்க மறுபடியும் விதிகள், ஜூலை பாதிவரை. இடையில் கிடைத்த நாட்களில் சனி, ஞாயிறு வேறு!

என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தேர்தல் எந்த மாதம் வரும் என்பது ஜோசியம் அல்ல. சபையின் ஆயுள் காலண்டரில் இருக்கிறது. தேர்தல் வருடத்தில் ஜனவரி முடிவதற்குள் பேனல் ஆணைகள் வெளிவந்துவிட வேண்டும். அப்படியும் தவறினால், விதிகள் அமலில் இருக்கும்போது ஓய்வு பெறவிருப்பவர்களின் பெயர்களை மட்டும் தனியாக எடுத்து, ஒரே கடிதமாகப் பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பலாம். துறைக்குப் பத்துப் பேர் இருப்பார்களா? ஒரு பிற்பகல் வேலை. கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர், எந்த அறிவுரையின் எந்தப் பிரிவு தடுக்கிறது என்று எழுத வேண்டும் என ஒரு சுற்றறிக்கை போட்டாலே பாதிக் கோப்புகள் நகர்ந்துவிடும் என்பது என் எண்ணம். பிரிவைத் தேடிப் பார்த்தால் அது அங்கே இருக்காது.

ஜூன் இரண்டாவது வாரம் ஆணை வந்தது. ஐந்து இடத்துக்கும் ஆள் போட்டார்கள். மூன்றாவது பெயர், அத்தானுக்கு அடுத்து இருந்தவருடையது. முதல் போன் அத்தானுடையதுதான். வாழ்த்துச் சொல்லிவிட்டு, சார்ஜ் எடுக்கும்போது முற்பகல் என்று போடச் சொல்லி நினைவுபடுத்தினாராம்.

இந்த மாதிரி அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஆசிரியர்கள், வருவாய்த் துறையினர், மின்வாரியத்தினர், யாராக இருந்தாலும் எழுதுங்கள். தேதிகளைச் சரியாகக் குறிப்பிடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அத்தான் ஏற்கனவே எழுதி அனுப்பிவிட்டார். முழு அளவுத் தாளில் பதினோரு பக்கம், பொருள், பார்வை எல்லாம் போட்டு, பத்திக்குப் பத்தி எண் கொடுத்து, கடைசியில் "தங்கள் தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்" என்று முடித்திருக்கிறார். எந்தப் பத்தியை வெட்டுவது என்று எங்கள் உதவி ஆசிரியர் விழித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்