போல்ட்டுக்கு இழுக்கிற வேலை இல்லை சாமி!

"ஆட்டோமேட்டிக் வண்டியா? கியர்பாக்ஸ் போச்சுன்னா சொத்தை வித்துதான் சரி பண்ணணும்." இந்த டயலாக்கைக் கேட்காதவங்க கை தூக்குங்க. எனக்கு இப்பல்லாம் இதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. நிறைய கியர்பாக்ஸ் தானா சாகறதில்லை மக்களே, மாட்டும்போதே நாமதான் கொல்றோம். எப்படித் தெரியும்னா, ஒண்ணை நானே கொன்னிருக்கேன்.

மிச்சிகன்ல ஆன்சைட்ல இருந்தப்போ நடந்தது. கூட வேலை பார்த்த நண்பன்கிட்ட 1972 ஷெவி நோவா ஒண்ணு. 350 கன அங்குல எஞ்சின், டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்பாக்ஸ். கியர்பாக்ஸை மட்டும் ஒரு பெரியவர்கிட்ட கொடுத்து புதுப்பிச்சு வாங்கினோம். மாட்டறது நாங்களே. நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுறவன், ஆர்வக்கோளாறுக்குக் கேக்கணுமா!

ஜாக்கி வெச்சு ஏத்தினோம். எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவுல அரை அங்குலம் நிக்குது, ஒட்ட மாட்டேங்குது. "போல்ட்டைப் போட்டு இறுக்குடா, தானா வரும்"னு சொன்னது நான். இறுக்கினதும் நான். வந்துச்சு. ஆனா ஸ்டார்ட் பண்ணினா எந்த கியர்லயும் வண்டி நகரலை.

உடனே பெரியவருக்கு ஃபோனைப் போட்டு, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்கன்னு கத்தினேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பெல் ஹவுசிங் ஒட்டினப்புறம் கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் எவ்ளோ இடைவெளி இருந்தது?"

அளந்திருந்தாத்தானே சொல்றதுக்கு? பிரிச்சுப் பார்த்தா பம்போட உள் பல்சக்கரம் உடைஞ்சு கிடக்கு.

மேட்டர் இவ்ளோதான். டார்க் கன்வெர்ட்டர் மூணு இடத்துல கோர்த்து உக்காரணும்: டர்பைனோட பல்வரிசை இன்புட் ஷாஃப்ட்ல, ஸ்டேட்டரோடது அதைத் தாங்கற குழாய்ல, கடைசியா கழுத்துல இருக்கற வெட்டு பம்ப் பல்சக்கரத்துல. சுத்திக்கிட்டே உள்ளே தள்ளினா ஒவ்வொண்ணா 'டொக்'னு இறங்கும். ரெண்டு இறங்கினதும் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுப்போம். மூணாவதுதான் ஆளைக் கொல்றது. எல்லாம் ஒழுங்கா இறங்கியிருந்தா பெல் ஹவுசிங் கைத்தள்ளலுக்கே எஞ்சினோட ஒட்டிடும். அப்பவும் கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவுல சுமார் 3லேர்ந்து 5 மில்லிமீட்டர் இடம் இருக்கும். கன்வெர்ட்டரைக் கையால சுத்த முடியும். அதை முன்னால இழுத்து போல்ட் போடணும். இடைவெளியே இல்லைன்னா ஸ்பேனரைக் கீழே வெச்சுடணும். மீறி இறுக்கினா பம்ப் நொறுங்கும், கிராங்க் ஷாஃப்டோட த்ரஸ்ட் பேரிங்கும் அடி வாங்கும்.

"எத்தனை வண்டி பார்த்திருப்போம், அளவெல்லாம் எதுக்கு?"ன்னு கேக்கற அனுபவஸ்தர்களே, உங்க அனுபவத்துக்கு ஒரு கும்பிடு. ஆனா பம்ப் பல்சக்கரத்துக்கு உங்க அனுபவம் தெரியாதுங்க. டைம் இல்லைங்கறீங்களா? அளக்க ரெண்டு நிமிஷம். திரும்ப இறக்கி ஏத்த எங்களுக்கு ரெண்டு வீக்எண்ட் போச்சு, நண்பனோட காசும் போச்சு.

படிச்சவங்களும் ரொம்ப சிரிக்க வேணாம். ஃபாட்டிங்கர் 1905ல பேட்டன்ட் வாங்கினார், 1948ல ப்யூக் டைனாஃப்ளோ கார்ல கன்வெர்ட்டர் வந்துச்சுன்னு என்னாலயும் ஒப்பிக்க முடியும். எண்ணெய் எந்தப் பக்கம் ஓடுதுன்னு அம்புக்குறி போட்டு முழு மார்க் வாங்கினவன்தான் நான். 75 வருஷத்துக்கு மேல கார்ல ஓடிட்டிருக்கற சாமான் இது. குத்தம் அது மேல இல்லை, முட்டுதுன்னு தெரிஞ்சும் ஏன்னு பார்க்காம இறுக்கற கை மேல. போல்ட் இருக்கறது பிடிச்சு வைக்க. இழுத்து உக்கார வைக்க இல்லை.

பெரியவருக்கு மறுபடி ஃபோன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். "அடுத்த தடவை இறுக்கறதுக்கு முன்னாடி கூப்பிடு"ன்னார், அவ்ளோதான். நான் கத்தினதுல பாதி கத்தியிருந்தார்னா கூட மனசு ஆறியிருக்கும்.

உங்க வண்டிக்கு யார் கியர்பாக்ஸ் மாட்டினாலும் அவர் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்க. பதில் வரலைன்னா கியர்பாக்ஸைத் திட்டாதீங்க.

டிஸ்கி: ஏஎம்டி வண்டி வெச்சிருக்கறவங்க சண்டைக்கு வராதீங்க. அதுல டார்க் கன்வெர்ட்டரே கிடையாது, க்ளட்ச்தான் :)